மரத்துள் உறையும் விலங்கும் மாநகரின் கடமையும்

எழுத்தில் வடிக்கப்பட்டதை மட்டுமே சான்றாக ஏற்று, எழுத்தைத் துணைக்கொள்ளாத குடிகள் மரத்தில் செதுக்கி வைத்ததை அழகுப் பொருளாக ஒதுக்கும் வழக்கம் நம் ஆட்சிமுறையில் ஆழ ஊன்றிவிட்டது. செப்பேட்டில் பொறித்த நிலக்கொடையை நாம் வரலாற்றின் சாட்சியாகப் போற்றுகிறோம். மலையூர் ஒன்றின் வீட்டு முகப்பில் செதுக்கிய காளைத் தலையோ, அதுவும் ஒரு கொடையின் பதிவே என்றாலும், கண்ணாடிப் பேழைக்குள் எண்ணிட்ட பொருளாகப் போய்ச் சேர்கிறது. முன்னதைப் படிக்கக் கல்வெட்டறிஞரை அமர்த்தும் அரசு, பின்னதைப் படிக்க அதைச் செதுக்கியவரையே அழைக்க வேண்டும் என்று பெரும்பாலும் எண்ணுவதில்லை.

தொல்குடி மக்களின் மரச்செதுக்கில் விலங்கு வெறும் உருவமாக வருவது அரிது. குலத்தின் மூதாதை, காட்டோடு செய்துகொண்ட உடன்பாடு, ஊருக்குச் சோறிட்ட கணக்கு, நோயை விரட்டும் காவல் என ஏதேனும் ஒரு பொறுப்பை அது சுமந்தே நிற்கும். அப்பொறுப்பை நீக்கிவிட்டு உருவத்தை மட்டும் எடுத்துச் செல்பவர், பத்திரத்திலிருந்து முத்திரையை மட்டும் கத்தரித்துச் செல்பவருக்கு ஒப்பாவார். கையில் இருப்பது அழகிய முத்திரைதான்; ஆனால் யார் யாருக்கு எதற்காகக் கட்டுப்பட்டார் என்னும் செய்தி அதில் இல்லை.

இவ்வினாவைக் கொல்கத்தாவின் சால்ட் லேக்கை முன்வைத்து எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு. உப்புநீர்ச் சதுப்பை ஊக்ளி ஆற்று வண்டலால் மேடாக்கி, பிதான் சந்திர ராயின் ஆட்சிக்காலத்தில் 1962இல் பணி தொடங்கி, யுகோஸ்லாவிய வல்லுநர் தோப்ரிவோயே தோஷ்கோவிச் வரைந்த திட்டப்படி எழுந்த நகர் அது. ஆங்கில எழுத்துகளே மனைத்தொகுதிகளுக்குப் பெயராக அமைந்த, பழமையின் சுவடு எதுவும் தானாக வந்து ஒட்டாத அந்நகரின் மூன்றாம் பிரிவில்தான், ஐ.பி. தொகுதியின் ஐகதான் வளாகத்தில், கிழக்கு மண்டலப் பண்பாட்டு மையம் இயங்குகிறது. 1980களின் நடுவில் நடுவணரசு நாட்டை ஏழு பண்பாட்டு மண்டலங்களாகப் பகுத்தபோது, அசாம், பீகார், இன்றைய சார்க்கண்ட், மணிப்பூர், ஒடிசா, சிக்கிம், திரிபுரா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களோடு அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் கலைகளையும் பேணும் பொறுப்பு இம்மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இந்திய மானுடவியல் ஆய்வகத்தின் கிழக்கு மண்டல அலுவலகமும் அதே நகரின் ஐந்தாம் பிரிவில் உள்ளது. சாந்தால் மக்களின் நரம்பிசைக் கருவியும் நிக்கோபாரியரின் காவல் உருவமும் மணிப்பூர் நாகரின் மாட்டுத் தலையும் ஒரே அலுவலகத்தின் அறங்காவலில் வந்து சேரும் இடம் இந்நாட்டில் அரிது.

அம்மையத்தின் எல்லைக்குள், கொல்கத்தாவிலிருந்து வடக்கே தெற்குத் தினாஜ்பூர் மாவட்டத்தில் குஷ்மண்டி வட்டாரமும், அதில் மகிஷ்பாதான் என்னும் ஊரும் உள்ளன. ராஜவம்சி மக்களும் அவர்களின் கிளைகளான தேசி, போலி என்போரும் அங்கே கோமிரா ஆட்டத்துக்கான முகமூடிகளை மரத்தில் செதுக்குகின்றனர். சித்திரைப் பிறப்பில் தொடங்கி ஆடி பிறக்கும் வரையிலான மாதங்களில் ஊர்தோறும் நிகழும் அவ்வாட்டத்தில் பாட்டும் இல்லை, உரையாடலும் இல்லை. டாக் என்னும் பெருமுரசும் வெண்கலத் தாளமும் முழங்க, ஆடவர் மட்டுமே முகமூடி தரித்து ஆடுவர். முதியவனும் முதியவளும், சுடலைக்காளியும், நரசிங்கமும், குரங்கும், புலியும் அம்முகமூடிகளில் தோன்றுகின்றன. ஊர்த்தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு, நேர்த்திக்கடனாகவே முகமூடி செய்து அளிப்பாரும் உண்டு.

ஆட்டத்துக்கென்று செய்த முகமூடி ஒன்றைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். முன்புறத்தில் சிவப்பும் கருப்பும் வெள்ளையும் பூசிய புலி சீறுகிறது. பின்புறமோ வண்ணம் காணாத வெறும் மரம். மூக்கும் கன்னமும் உட்கார உள்ளே குடைந்த குழிவும், குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் உளித்தடங்களும், துணியால் தலையோடு இறுக்கிக் கட்ட ஓரங்களில் இட்ட துளைகளும் அங்கே தெரிகின்றன. வேம்பும் மாவும் கடம்பும் குமிழும் இதற்கு உதவுகின்றன. குமிழ்தேக்கு என்று நம் உழவர் தோட்டங்களில் வளர்க்கும் அதே மரம்தான். எடை மிகுந்த அந்த மரத்தை முகத்தில் கட்டிக்கொண்டு, மருள் ஏறும் வரை ஆடுபவன், புலியாக நடிப்பவனல்லன் என்றே ஊர் கொள்கிறது. அவனுள் வந்து இறங்கியதை ஊர் வணங்குகிறது. தினாஜ்பூரின் வயல்வெளிகளில் இன்று புலி இல்லை. காடு போயிற்று, காட்டோடு புலியும் போயிற்று. முகமூடிக்குள் மட்டும் அது எஞ்சியிருக்கிறது. அதனோடு மனிதன் ஒருகாலத்தில் எவ்வாறு அஞ்சியும் பணிந்தும் வாழ்ந்தான் என்னும் அறிவும் அதனுடன் எஞ்சியிருக்கிறது.

நாகரிடையே நிலவிய வழக்கம் இன்னும் தெளிவான பாடத்தைத் தருகிறது. மணிப்பூரின் தாங்குல் நாகர் உள்ளிட்ட பல குடிகளில், வீட்டு முகப்பில் மிதுன் என்னும் மலைமாட்டின் அல்லது எருமையின் தலையைச் செதுக்கி வைக்கவும், கூரை முகட்டில் கொம்புபோல் மரங்களைக் குறுக்கிட்டு நிறுத்தவும் எவரும் விரும்பியபடி உரிமை பெற்றுவிட முடியாது. செல்வம் சேர்த்தவர், அச்செல்வத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், மாடுகளை அறுத்து ஊர் முழுமைக்கும் முறைப்படி விருந்தளித்த பின்னரே அவ்வுருவைத் தம் வீட்டில் செதுக்கத் தகுதி பெற்றார். ஆகவே அந்த மாட்டுத் தலை செல்வத்தின் அடையாளம் அன்று. செல்வத்தை ஊருக்குக் கரைத்துவிட்டதன் அடையாளம். 1872 முதல் வேரூன்றிய கிறித்தவச் சமயப் பணியின் பரவலோடு அவ்விருந்துகள் பெரிதும் மறைந்தன. விருந்து மறைந்த இடத்தில் உரு மட்டும் விலை கொடுத்தோர்க்கெல்லாம் கிடைக்கும் பொருளாயிற்று. ஊரார் ஒருவருக்கும் ஒருவேளைச் சோறும் இடாத செல்வர், அதே தலையை வாங்கி வரவேற்பறைச் சுவரில் மாட்டிக்கொள்ளும் காட்சியை இன்று பெருநகரங்களில் காண்கிறோம். இதைவிடக் கூரிய முரண் ஒன்றை எந்தப் புலவரும் புனைந்திருக்க இயலாது.

சாந்தால் மக்களின் தோட்ரோ பானம் என்னும், வில்லிட்டு இசைக்கும் நரம்பிசைக் கருவி, ஒரே மரத்துண்டைக் குடைந்து, உடும்பின் அல்லது ஆட்டின் தோலைப் போர்த்தி, கழுத்தின் உச்சியில் மனித உருவோ விலங்குருவோ செதுக்கிச் செய்வது. மாண்டவர் ஒருவரின் உடலிலிருந்து முளைத்த மரத்தில் பிறந்தது அதன் குரல் என்று அவர்களின் மரபுக்கதை சொல்லும். வெட்டிய மரத்துக்கும் இசைக்கும் நரம்புக்கும் இடையில் ஓர் உயிர் இருந்ததை மறவாதிருக்கும் மனப்பாங்கு அது.

நிக்கோபார்த் தீவுகளைப் பற்றிப் பேசும்போது தமிழர்க்குத் தனித்த பொறுப்பு ஒன்று உண்டு. தஞ்சைப் பெருங்கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அத்தீவுகளை மாநக்கவாரம் என்று பெயர் சுட்டி, வென்ற நிலங்களின் வரிசையில் வைக்கிறது. நம் முன்னோர் அம்மக்களை ஏட்டில் ஏற்றியது படைவழியே என்பதை மறைக்க வேண்டியதில்லை. நடு நிக்கோபாரில் ஒருவர் நோயுற்றால், ஊர்ப் பூசாரியின் சொற்படி, மனித உருவும் மீனும் பறவையும் முதலையும் சில வேளைகளில் இரண்டும் கலந்த உருவும் மரத்தில் செதுக்கி, தீய ஆவிகளை அச்சுறுத்தும் காவலாக வீட்டில் நிறுத்துவர். ஆங்கிலேய அலுவலர் ஈ. எச். மேன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தீவுப் பொருள்களைத் திரட்டி அனுப்பியது உட்படப் பல வழிகளில் அவ்வுருவங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. 2004 திசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது நான்கௌரியும் கச்சாலும் சிதைந்தன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சாலின் இரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழரும் அப்பேரிடரில் நிக்கோபாரியரோடு துயருற்றனர். மரவீடுகளோடு அவற்றுள் நின்ற காவல் உருவங்களையும் அலை கொண்டுபோயிற்று. வழிவழி வந்த வடிவத்தைத் தன் கண்ணால் காண விரும்பும் நிக்கோபார் இளைஞர் ஒருவர் இன்று அயல்நாட்டு அருங்காட்சியகத்தின் படியேற வேண்டியிருக்கக்கூடும் என்பது எளிதில் கடந்து செல்லத்தக்க செய்தியன்று.

மாநகரம் இக்கலைகளை வெறுக்கிறது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. விரும்பவே செய்கிறது, அளவுக்கு மீறியும் விரும்புகிறது. யுனெஸ்கோவின் பட்டியலில் 2021இல் இடம்பெற்ற கொல்கத்தாத் துர்க்கை விழாவில், பழங்குடிச் சிற்றூரையே கருப்பொருளாகக் கொண்டு பந்தல் எழுப்புவது பழகிப்போன நடைமுறை. சால்ட் லேக்கின் குடியிருப்புத் தொகுதிகளும் இதற்கு விலக்கல்ல. மாவட்டங்களிலிருந்து வரும் செதுக்குநர் மாதக்கணக்கில் உழைத்தெழுப்பும் முகங்கள் சில நாள்கள் ஒளிவெள்ளத்தில் நின்று, பின் பிரிக்கப்படுகின்றன. பரிசு அறிவிக்கப்படும்போது பந்தலமைத்த குழுவின் பெயரும் வடிவமைத்த ஓவியரின் பெயரும் முழங்குகின்றன. உளி பிடித்தவர் பெரும்பாலும் ஊர்ப்பெயராலோ இனப்பெயராலோ மட்டுமே அறியப்படுகிறார். கவிஞரைப் பெயர் சொல்லி அழைக்கும் நாம், செதுக்குநரைக் குடிப்பெயர் சொல்லி அழைப்பதில் உள்ள இழிவைக் கண்டுகொள்ளாதிருப்பது வியப்பளிக்கிறது.

சட்டம் இதில் எவ்வளவு துணை நிற்கிறது என்று பார்ப்பது இன்றியமையாதது. குஷ்மண்டி மர முகமூடிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நன்று. ஆயின் அக்குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறதே அன்றி, நேர்த்திக்கடனாக மட்டும் செய்யத்தக்க உரு எது, சந்தையில் வைக்கத்தக்கது எது என்று வரையறுக்கும் உரிமையை ஊருக்கு வழங்குவதில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருளையே தொல்பொருளாக ஏற்கிறது. கரையானும் ஈரமும் ஆளும் நிலத்தில் நூறாண்டு நிலைக்கும் மரவுருக்கள் மிகச் சிலவே. கல்லில் கலை வளர்த்தோரை மனத்திற்கொண்டு எழுதிய அச்சட்டம், மரத்தில் வளர்த்தோரை அறியாமலே கைவிட்டுவிட்டது. 2024 மே மாதம் செனீவாவில் நிறைவேறிய உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உடன்படிக்கையும் மரபணு வளத்தையும் அதனோடு சார்ந்த மரபறிவையும் தொட்டதோடு நின்றது. கலை வடிவங்களைத் தொடவில்லை.

எஞ்சியிருப்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். நிலப்பட்டா தரும் சட்டமாகவே அது பேசப்படுகிறது. ஆனால் அதன் 3ஆம் பிரிவில், பல்லுயிர்ப் பெருக்கமும் பண்பாட்டுப் பன்மையும் சார்ந்த மரபறிவின் மீதும் அறிவுச் சொத்தின் மீதும் சமூகம் கூட்டாக உரிமை கொள்ளும் என்ற கூறு தெளிவாக இடம்பெற்றிருக்கிறது. நாடாளுமன்றம் இயற்றிய அவ்வாசகத்தை நிலத்தகராறுகளுக்கு அப்பால், ஓர் உளியின் உரிமைக்காக எடுத்தாளுவோர் அரியர். அதே சட்டம் சிறு வனப்பொருள்களின் மீது உரிமை வழங்குகையில் வெட்டுமரத்தை விலக்கி வைத்திருப்பதையும் குறிப்பிட வேண்டும். மரமின்றி மரச்செதுக்கு ஏது? மேலும் மேற்கு வங்கத்தில் ராஜவம்சியர் பட்டியல் பழங்குடியினர் அல்லர், பட்டியல் சாதியினர். அவர்கள் இச்சட்டத்தின் நிழலுக்குள் வர வேண்டுமாயின் மரபுவழி வனவாழ்நர் என்று மெய்ப்பிக்க வேண்டும். காடே அற்றுப்போன மாவட்டத்தில் அதை எவ்வாறு மெய்ப்பிப்பது? மண்ணோடு பிறந்த மரபுக்கும் அட்டவணையில் அமைந்த இடத்துக்கும் இடையில் விழுந்த இவ்விடைவெளியை நிரப்புவது ஆட்சியாளரின் வேலை, செதுக்குநரின் வேலையன்று.

முன்மாதிரிகள் உலகில் இல்லாமலில்லை. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் குவாக்வாக்கியவாக்கு மக்களிடையே அண்டங்காக்கை, கழுகு முதலிய விலங்குருக்களைத் தாங்கும் முகமூடிகள் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உரியவை. உரிமையில்லாதவர் அணிவது முறைகேடு. அவர்களின் பெருவிருந்துச் சடங்கைக் கனடிய அரசு 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடுத்தது. 1921இல் நிகழ்ந்த ஒரு விருந்துக்காகப் பலரை வழக்குக்கு இழுத்து, சிறைக்கு அஞ்சியோரிடமிருந்து முகமூடிகளைப் பறித்தது. அடுத்த அரைநூற்றாண்டு கழிந்து, அவற்றுள் பெரும்பகுதி திரும்பிவந்தபோது, 1980இல் அலர்ட் பே என்னும் ஊரில் அம்மக்களே எழுப்பிய உமிஸ்தா மையத்தில் அவற்றைக் கண்ணாடிப் பேழையில் பூட்டாமல் திறந்தே வைத்தனர்; பூட்டிக் கிடந்த காலம் போதும் என்று கருதினர். கரடி உருத்தாங்கிய நினைவுத்தூண் ஒன்றை 1929இல் இழந்த ஐஸ்லா மக்கள், அதைப் போன்றதொரு புதிய தூணைத் தாமே செதுக்கிச் சுவீடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, 2006இல் தம் முன்னோரின் தூணை மீட்டனர். அமெரிக்க நாட்டில், தொல்குடியினர் செய்யாத கைவினைப் பொருளை அவர்கள் செய்ததாகக் கூறி விற்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை தண்டமும் விதிக்க 1990ஆம் ஆண்டின் சட்டம் வழி வகுத்துள்ளது. இங்கே அத்தகைய குற்றம் தனியொரு பெயரே பெறவில்லை.

செதுக்குநர்க்குச் சந்தை வேண்டாமா, சடங்கை மட்டும் காத்துப் பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்போர் உளர். நேர்மையான கேள்வி. சந்தை வேண்டும், நல்ல விலையும் வேண்டும். மரபு மாறக் கூடாதென்று வெளியிலிருந்து ஆணையிடும் தூய்மைவாதத்தையும் நாம் ஏற்கவில்லை. அருணாசலப் பிரதேசத்தின் நிசி மக்கள் பலர், தலையணியில் இருவாட்சிப் பறவையின் அலகைச் சூடும் தொன்மரபைக் கைவிடாமலே, பறவையைக் காக்கும் பொருட்டு கண்ணாடி இழையால் செய்த அலகை ஏற்றுக்கொண்டனர். மாற்றம் அங்கே அக்குடியின் இசைவோடு நிகழ்ந்தது. எதை விற்பது, எதை மறுப்பது, எதை மாற்றுவது என்னும் தீர்ப்பு செதுக்கும் குடியிடம் இருக்க வேண்டும் என்பதே நம் வாதம். கேட்காமல் எடுப்பதற்கும் கேட்டு வாங்குவதற்கும் இடையில் உள்ள வேறுபாட்டை வணிகம் நன்கறியும். பண்பாட்டுத் துறை அறியாதென்று சொல்வதற்கில்லை.

அயலாரை நோக்கி விரல் நீட்டும் தகுதி தமிழ்நாட்டுக்கு முழுமையாக இருக்கிறதா? சிதைந்த தேர்களிலிருந்து பெயர்த்தெடுத்த யாளியும் குதிரைவீரனும் அணங்கும் பழம்பொருள் கடைகளின் வழியே விடுதிகளின் சுவர்களுக்கும் கடல் கடந்த வீடுகளுக்கும் சென்றதை நாம் கண்முன்னே விட்டுவிட்டவர்கள். வெண்கலத் திருமேனி களவு போனால் கொதித்தெழும் நாடு, தேர்ப்பலகை விலைபோனால் விறகு போனதாகக் கருதி வாளாவிருந்தது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு அதை ஒட்டியும் புவிசார் குறியீடு வந்துள்ளது. அவ்வூர்ச் சிற்பிகளுக்கு வாகையும் வேம்பும் முறையான வழியில், தாங்கத்தக்க விலையில் கிடைக்கின்றனவா என்பதை அரசு ஆண்டுதோறும் கேட்டறிய வேண்டும். கிழக்குக்குச் சால்ட் லேக் எவ்வாறோ, தெற்குக்குத் தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் அவ்வாறே. இங்கு நாம் கூறுவன அதற்கும் பொருந்தும்.

ஆகவே நடுவண் பண்பாட்டு அமைச்சகத்தையும் இரு மையங்களையும் நாம் வேண்டுவது இதுவே. காட்சிக்கும் சந்தைக்கும் வரும் ஒவ்வொரு மரவுருவோடும் செதுக்கியவரின் பெயரும், அவ்வுரு எக்கடமையைச் சுமந்தது என்று அவரே சொன்ன விளக்கமும் அவர் மொழியிலும் காண்போர் மொழியிலும் இடம்பெறட்டும். சடங்குக்கு மட்டும் உரியவை எவை என்று ஒவ்வொரு குடியும் அளிக்கும் பட்டியலை ஏற்று, அவற்றை இசைவின்றிப் பார்வைக்கு வைப்பதில்லை என்று விதி செய்யட்டும். அயல்நாடுகளில் உள்ள நிக்கோபார் உருவங்களின் ஒளிப்படங்களையும் அளவுகளையும் பெற்று நான்கௌரியின் செதுக்குநர் கையில் சேர்ப்பதற்கு மானுடவியல் ஆய்வகம் முன்வரட்டும். அதற்குச் சால்ட் லேக்கைவிடத் தக்க இடமில்லை. குஷ்மண்டியிலும் அரும்பாவூரிலும் செதுக்குநர் பயன்பாட்டுக்கென்றே பொதுநிலத்தில் குமிழும் வேம்பும் வாகையும் நடுவதற்கு அவ்வம்மாநில வனத்துறைகள் நிலம் ஒதுக்கட்டும். குமிழ் நட்டால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உளிக்கு வரும். வன உரிமைச் சட்டம் இயற்றி அதனினும் நீண்ட காலம் ஆகிவிட்டது. அன்றே நட்டிருந்தால் ஒரு தலைமுறை மரம் இன்று வெட்டுக்கு நின்றிருக்கும். இனியும் காலந்தாழ்த்தாமல் வரும் நிதியாண்டிலேயே இப்பணிகளுக்கு உரிய தொகையை ஒதுக்குமாறு அமைச்சகத்தை வலியுறுத்துகிறோம்.